பாதித் தளத்தில் பெற்ற முழு வெற்றி

விளையாட்டுப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பறை வெறிச்சோடிப் போவது எந்தக் கல்லூரியிலும் காணும் காட்சியாகும். நாம் வகுப்பாசிரியராயிருந்த ஆண்டொன்றில், ஓடுவோர் யாவருக்கும் பின்னால் ஊன்றுகோலின் துணையோடு மெல்ல நடந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு நாம் ஒரு வேலை கொடுத்திருந்தோம். மற்றையோர் கழற்றி வைக்கும் சட்டைகளையும் செருப்புகளையும் மைதானத்தோரத்து வேப்பமர நிழலிலிருந்து காவல் காப்பதே அவ்வேலை.

அவனை வெயிலில் வருத்தாது விட்டோம் என்றும், பொறுப்பொன்றைக் கொடுத்து அவன் மனம் நோகாமற் பார்த்துக்கொண்டோம் என்றும் நாம் அந்நாளில் எண்ணி மகிழ்ந்ததுண்டு. இரண்டு ஆண்டுகள் அவன் அவ்வேலையைக் குறையின்றிச் செய்தான். "விளையாட உனக்கு விருப்பமா?" என்று அவனை நாம் ஒரு நாளேனும் கேட்டதில்லை.

அக்கேள்வியைக் கேளாது விட்டது எத்துணை பெரிய பிழை என்பதை எமக்கு உணர்த்தியது, மும்பை நகரத்துப் பெண்மணி ஒருவரின் வரலாறு. மானசி ஜோஷி என்பது அவர் பெயர். ஒரு காலை இழந்த பின்னர், பட்மின்டன் எனப்படும் பூப்பந்தாட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர் அவர். அவருடைய வெற்றியை மட்டுமன்றி, அவருக்கு எட்டாது போனதையும் ஆராய்ந்தால், பெற்றோரும் ஆசிரியரும் மாணாக்கரும் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள.

அணுசக்தி நகரத்துச் சிறுமி

மானசி 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் குஜராத் மாநிலத்து ராஜ்கோட் நகரிற் பிறந்தார். அவர் வளர்ந்தது மும்பையில். தந்தையார் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஆதலின் அந்நிலையத்தாரின் குடியிருப்பாகிய அணுசக்தி நகரிலேயே குடும்பம் வாழ்ந்தது. பள்ளிப் பருவத்தில் மகளின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடக் கற்பித்தவரும் தந்தையாரே. படிப்பை முதலாகவும் விளையாட்டை மகிழ்ச்சிக்குரிய துணையாகவும் கொண்டு வளர்ந்தார் மானசி. 2010ஆம் ஆண்டில் மும்பையிலுள்ள கே. ஜே. சோமையா பொறியியற் கல்லூரியில் இலத்திரனியற் பொறியியற் பட்டம் பெற்று, கணினி மென்பொருட் கம்பனி ஒன்றில் வேலைக்கமர்ந்தார். நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் தம் பெண்ணுக்கு விரும்பக்கூடிய யாவும் அமைந்துவிட்ட வாழ்வு அது எனலாம்.

2011ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் தேதி காலை, அவர் தம் இருசக்கர வண்டியிற் காரியாலயத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். வழியில் லொறி ஒன்று மோதி, அதன் சக்கரம் அவருடைய இடது காலை நசுக்கிற்று. வீதியில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கினர். ஆயினும், உரிய சத்திரசிகிச்சை தொடங்குவதற்குள் பல மணி நேரம் கழிந்துவிட்டது. இரத்த ஓட்டம் அறுபட்ட தசை சில மணி நேரத்துக்குள்ளேயே மீளாத கேட்டை அடையத் தொடங்கும் என்பர் மருத்துவர். காலைக் காப்பாற்ற அவர்கள் பெரிதும் முயன்றனர். சில நாட்களில் அழுகல் ஏற்படவே, உயிரைக் காப்பதற்காகக் காலைத் துண்டித்தனர். அப்போது மானசிக்கு வயது 22.

இச்செய்தியை எவ்வாறு சொல்வதென்று வைத்தியர் தயங்கி நின்றபோது, இதைச் சொல்ல ஏன் இத்தனை நாள் எடுத்தீர்கள் என்று தாமே கேட்டதாக மானசி பிற்காலத்திற் கூறியிருக்கிறார். உண்மையை உண்மையென ஏற்கும் அந்தத் தெளிவே அவருடைய பிற்கால வாழ்வுக்கு அடித்தளமாயிற்று என்பது எமது கருத்து.

மீண்டும் மட்டை

செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டால் உடனே நடந்துவிடலாம் என எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. எஞ்சிய காற்பகுதி ஓர் உறைக்குள் இறுகப் பொருந்த வேண்டும். உடலின் பாரம் முழுவதையும் அவ்வுறையே தாங்கும். வியர்வை பெருகினால் உறை நழுவும்; தோல் உரையும்; புண் உண்டாகும். நாளடைவிற் காலின் பருமன் மாறுபடும். உறையையும் மாற்ற வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்தை எவ்விடத்தில் ஊன்றுகிறோம் என்பதைக் கண்ணாலும் பழக்கத்தாலும் அறிய வேண்டும். குழந்தை போல முதலடியிலிருந்து நடை பயின்றார் மானசி.

நடை ஓரளவு கைவந்ததும் அவர் மனம் நாடியது பழைய பூப்பந்தாட்டத்தையே. உடற்பயிற்சிக்காகத் தொடங்கிய ஆட்டம் விரைவில் வேறு வடிவம் கொண்டது. தாம் வேலை பார்த்த கம்பனி நடத்திய போட்டியிற் செயற்கைக் காலுடன் இறங்கி, இரு கால்களும் உடைய சகாக்களை வென்றார். இழந்தது காலை மாத்திரமே, ஆட்டத்தை அன்று என்பதை அன்று அவர் அறிந்துகொண்டார். மாற்றுத்திறனாளருக்கெனச் சர்வதேசப் போட்டிகள் உண்டு, அவற்றிற் பங்குபற்றலாம் என்று அவரை ஊக்கியவர் நீரஜ் ஜோர்ஜ் என்னும் வீரர்; அவரும் ஒரு காலை இழந்தவரே.

சலுகையன்று, நீதி

இங்கே அப்போட்டிகளின் அமைப்பைச் சற்று விளக்குவது பொருத்தமாகும். 'பரா' என்னும் கிரேக்க முன்னொட்டுக்கு 'அருகே, இணையாக' என்பது பொருள். ஆகவே பரா பூப்பந்தாட்டம் என்பது தாழ்ந்த ஆட்டமன்று. இணையாக நடைபெறும் ஆட்டமேயாம். இதன் முதலாவது உலகப் போட்டி 1998ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் நடைபெற்றது.

இதில் ஆடுவோரை ஆறு பிரிவுகளாக வகுத்துள்ளனர். சக்கர நாற்காலியில் இருந்து ஆடுவோருக்கு இரண்டு பிரிவுகள். நின்றாடுவோருள் காற்குறை உடையோருக்கு இரண்டு. கைக்குறை உடையோருக்கு ஒன்று. உயரம் மிகக் குன்றியோருக்கு ஒன்று. காற்குறையின் அளவு மிகுந்தோர் 'எஸ்.எல். 3' என்னும் பிரிவில் அடங்குவர். மானசியின் பிரிவு அதுவே.

அப்பிரிவினர் ஒற்றையர் ஆட்டத்தில் தளத்தின் அகலத்திற் பாதியை மட்டுமே பயன்படுத்துவர். மறுபாதியில் விழும் பந்து தளத்துக்கு வெளியே விழுந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் 44 அடி நீளத்தில் ஓர் அங்குலமும் குறைவதில்லை. வலையின் உயரமும் குறைவதில்லை. வெற்றிக்கு வேண்டிய 21 புள்ளிகளும் குறைவதில்லை. வலையோரத்தில் மெல்லத் தட்டிவிடப்பட்ட இறகுப்பந்தை எடுக்க முன்னே பாய வேண்டும்; மறுகணமே தலைக்கு மேலாகப் பறந்து பின்கோட்டருகே இறங்கும் பந்துக்காகப் பின்னே மீள வேண்டும். இரு கால் உடையோர்க்கே மூச்சு வாங்கும் அசைவு இது. எனவே, எதிரி எங்கே அடிப்பார் என்பதை அவர் மட்டை அசையும்போதே ஊகிக்கும் கூர்மையும், தம் பந்தை எங்கே இறக்குவது என்னும் திட்டமும் இவ்வாட்டத்திற்கு இன்றியமையாதவை.

தளத்தின் நடுவே ஒரு கோடு! இரக்கம் என்பது 'நீ ஆட வேண்டாம், இரு' என்று கூறுகிறது. அந்தக் கோடோ, 'இது உன் தளம், இனி வென்று காட்டு' என்று கூறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் வேப்பமரத்தடியில் அறிந்தோமில்லை.

தோல்வியிலிருந்து பாஸல் வரை

மானசியின் முதல் முயற்சி தோல்வியே. 2014ஆம் ஆண்டின் ஆசிய பரா விளையாட்டுக்கான தெரிவில் அவருக்கு இடம் கிட்டவில்லை. அவர் மனந்தளராது பயிற்சியைத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு, 2015 செப்டெம்பரில், இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் என்னுமிடத்தில் நடந்த உலகப் போட்டியில், ராகேஷ் பாண்டேயுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அந்த இடத்தின் பெயரை மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்வது நன்று. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர், இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்த போர்வீரருக்கு அங்கேயே சிகிச்சை அளித்தார். விளையாட்டும் ஒரு மருந்து என்பது அவர் நம்பிக்கை. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே தினத்தில், அவர் தம் நோயாளர் 16 பேரைச் சக்கர நாற்காலியில் இருத்தி வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அந்தச் சிறு விதையே பராலிம்பிக் என்னும் பெருமரமாயிற்று. மானசியின் முதல் உலகப் பதக்கம் அந்த மண்ணிலே கிடைத்தது பொருத்தமானதன்றோ!

2017ஆம் ஆண்டு தென்கொரியாவின் உல்சான் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஒற்றையர் வெண்கலம். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பரா விளையாட்டில் மீண்டும் வெண்கலம். பதக்கங்கள் வந்தன, பொன் மாத்திரம் வரவில்லை. 2018இல் அவர் ஹைதராபாத்திலுள்ள புல்லேல கோபிசந்தின் பயிற்சிக் கழகத்திற் சேர்ந்தார். 2001ஆம் ஆண்டின் அகில இங்கிலாந்துச் சம்பியனாகிய கோபிசந்தின் அக்கழகத்தில் உடல் உரமும் ஆட்டத் திறனும் ஒருங்கே வளர நாள்தோறும் கடும் பயிற்சி பெற்றார்.

2019ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம், சுவிற்சர்லாந்தின் பாஸல் நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் மானசியை எதிர்த்து நின்றவர் இந்தியரான பருல் பார்மார். அவர் மூன்று முறை உலகப் பட்டம் பெற்றவர். முந்திய ஆண்டு ஜகார்த்தாவிற் பொன் வென்றவர். மானசி 21-12, 21-7 என்னும் புள்ளிகளில் அவரை வென்று உலக வீராங்கனையானார். லொறிச் சக்கரம் காலை நசுக்கிய நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் இன்னும் நிறைந்திருக்கவில்லை.

அதே நகரில், அதே நாட்களில், அதே கோபிசந்த் கழகத்திற் பயின்ற பி. வி. சிந்துவும் உலகப் பட்டம் வென்றார். பத்திரிகைகளின் முதற்பக்கங்களைச் சிந்துவின் வெற்றி நிறைத்தது. மானசியின் வெற்றியைப் பலர் அறிந்துகொண்டது அதற்குப் பின்னரே. சிந்துவின் புகழ் அவருக்கு உரியதே. அதிற் குறை கூறுவாரிலர். ஆயினும் ஒரு வீட்டில் இரு பெண்கள் முதற்பரிசு பெற்று வரும்போது ஒருத்தியை மட்டும் வாசலில் நின்று வரவேற்பது முறையாகுமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திறவாத கதவு

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். டோக்கியோ பராலிம்பிக்கிலேயே பூப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தொற்றுநோய் காரணமாக அவ்விழா 2021ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதிற் பூப்பந்தாட்டத்துக்கு 14 போட்டிகள் ஒதுக்கப்பட்டன. ஆடவருக்கான எஸ்.எல். 3 ஒற்றையர் போட்டி அவற்றுள் இருந்தது. இந்தியாவின் பிரமோத் பகத் அதிற் பொன் வென்றார். பெண்களுக்கான எஸ்.எல். 3 ஒற்றையர் போட்டியோ அப்பட்டியலில் இல்லை!

உலகப் பட்டத்தைத் தம்மிடத்தே வைத்திருந்தும், அதைக் காத்து ஆடுவதற்கு மானசிக்கு அம்மேடையில் இடமில்லாது போயிற்று. பருல் பார்மாரோ, குறை குறைந்தோருக்குரிய வேறொரு பிரிவிற் சேர்ந்து, முழுத்தளத்தில் ஒற்றையர் ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 48.

ஏன் இவ்வாறு? ஒரு பிரிவிற் போதிய தொகையினரும் போதிய நாடுகளும் உண்டா என்பது முதலியவற்றை நோக்கியே இத்தகைய தெரிவுகள் செய்யப்படுவது வழக்கம். நியாயம் போலத் தோன்றும் இதன் வேரைச் சற்று ஆராய்வோம். காற்குறையுடைய பெண் பிள்ளைகள் ஏன் குறைந்த தொகையினராக ஆட வருகின்றனர்? அவர்களை 'ஆடுகிறாயா' என்று கேட்பார் இல்லாமையாலன்றோ? ஆட வருவோர் இன்மையாற் போட்டி இல்லை. போட்டி இன்மையால் ஆட வருவோர் இல்லை. இச்சக்கரம் டோக்கியோவிற் சுழலத் தொடங்கவில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் மரநிழல்களிலேயே அது சுழலத் தொடங்குகிறது.

மானசி அதன்பின்னும் மட்டையை வைத்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் தம் பிரிவில் உலகத் தரவரிசையின் முதலிடத்தை எட்டினார். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பரா விளையாட்டில், பெண்கள் இரட்டையர் போட்டியில் வெள்ளி பெற்றார். அப்போது அவருக்குத் துணையாக ஆடியவர் காஞ்சிபுரத்துத் தமிழ்ப் பெண்ணாகிய துளசிமதி முருகேசன். இடக்கைக் குறையுடைய துளசிமதிக்கு ஆட்டம் கற்பித்தவரும் அவருடைய தந்தையாரே. மும்பையில் ஒரு தந்தை, காஞ்சியில் ஒரு தந்தை. 'என் மகள் ஆடுவாள்' என்னும் நம்பிக்கை இருவர்க்கும் ஒன்றே.

2024ஆம் ஆண்டு பாரிஸ் பராலிம்பிக்கில் அந்தக் கதவு திறந்தது. பெண்களின் எஸ்.எல். 3 ஒற்றையர் போட்டி சேர்க்கப்பட்டது. மானசியும் துளசிமதியும் ஹாங்சோவில் வெள்ளி பெற்ற இரட்டையர் போட்டியோ இம்முறை நீக்கப்பட்டிருந்தது. மானசிக்கு அப்போது வயது 35. தம் பிரிவில் ஆடிய இரு ஆட்டங்களிலும் மூன்றாம் செற் வரை போராடித் தோற்றார். உக்ரேன் வீராங்கனை ஒக்சானா கோசினாவுக்கு எதிரான இறுதிச் செற்றை அவர் இழந்தது 21-23 என்னும் புள்ளிகளில். இரண்டே புள்ளிகள்! முதலாட்டத்தில் அவரை வென்ற இந்தோனேசியாவின் கோனிதா சியாகுரோ அப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அதே பாரிஸ் நகரில் துளசிமதி வெள்ளியும், தமிழ்நாட்டு வீராங்கனையரான மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய இருவரும் வெண்கலமும் வென்றனர். மானசியின் கழுத்திற் பதக்கம் ஏறவில்லை.

எது வெற்றி?

அவ்வாறாயின் மானசியின் வாழ்வு வெற்றி வாழ்வா, தோல்வி வாழ்வா என்று மாணாக்கர் வினவலாம். பரீட்சைப் புள்ளியை மட்டும் வைத்து மாணவனை அளக்கும் வழக்கம் எம்மிடத்தும் உண்டு. ஆதலின் இவ்வினா எழுவது இயல்பே. பரீட்சையே நடத்தாது விட்ட ஆண்டொன்றுக்காக மாணவனைச் சித்தியெய்தாதவன் என்று கூறுதல் தகுமோ? அவர் உச்சியில் நின்ற காலத்தில் மேடை இல்லை. மேடை கிடைத்த காலத்தில் இரண்டு புள்ளிகள் இல்லை. ஆயினும் பாஸல் நகரில் அவர் பெற்ற பட்டத்தை எவரும் பறிக்கவியலாது.

2020ஆம் ஆண்டில் 'டைம்' சஞ்சிகையின் ஆசியப் பதிப்பு அவர் உருவத்தை அட்டையிற் பொறித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், சர்வதேசப் பெண் குழந்தைகள் தினத்தையொட்டி, செயற்கைக் காலுடனும் மட்டையுடனும் அவரைப் போன்ற பார்பி பொம்மை ஒன்று செய்யப்பட்டது. பொம்மை சிறு பொருள்தான். எனினும், கால் ஒன்றை இழந்த சிறுமி, தன்னைப் போன்ற உருவம் ஒன்று மட்டையேந்தி நிற்பதைக் காணும்போது, தானும் தளத்தில் நிற்கத்தக்கவள் என்று எண்ணுவாளன்றோ? அந்த எண்ணத்தின் பெறுமதியை எவர் அளக்க வல்லார்?

கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போர் கண்ட எமது நாட்டுக்குப் பொய்க்கால் புதிதன்று. அதைத் தரித்தவர் எம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் உளர். அவர்களுக்கு நாம் இரக்கத்தை வாரி வழங்கியிருக்கிறோம். இடத்தை வழங்கினோமா என்பதே கேள்வி.

அண்மையில் அந்தப் பழைய மாணவனைப் பஸ் நிலையத்திற் கண்டோம். இன்று அவன் ஒரு குடும்பத்தின் தலைவன். மானசியின் கதையை அவனுக்குச் சொன்னோம். சொல்லிவிட்டு, அந்நாளில் உன்னைக் கேளாது விட்டோமே என்றும் தயங்கிக் கூறினோம். அவன் சிரித்தான். "சேர், வேப்பமரத்தடியில இருந்து எல்லாற்றை ஆட்டத்தையும் நான் மனசுக்குள்ள ஆடிக்கொண்டுதான் இருந்தனான். ஆர் எங்கை பிழைவிட்டவை எண்டு இப்பவும் சொல்லுவன்" என்றான்.

எமக்கு மறுமொழி வரவில்லை. இரண்டு ஆண்டுகள், ஒரு முழு ஆட்டக்காரனைச் செருப்புக்குக் காவல் வைத்திருந்தோம்!

ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே, அப்பிழையை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக. அரசாங்கம் பெரிய மண்டபங்களைக் கட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் சென்று, "விளையாட விருப்பமா?" என்று கேளுங்கள். "ஆம்" என்று அப்பிள்ளை கூறுமாயின், ஆடுதளத்தின் நடுவே ஒரு கோடு கீறுங்கள். அதற்குச் செலவாவது ஒரு பிடி சுண்ணாம்பே.